பூனையை எடுக்கப் போனவள்

எழுத்தாளர் என்றால் வீட்டில் சும்மா இருப்பவர் என்று யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, எங்கள் ஊரில் எல்லோரும் அதை நம்பினார்கள். டாக்னி காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான், தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும் அவள் ஞாபகம் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பார்சலையெல்லாம் டாக்னி வீட்டில் கொடுக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். எதிர்வீட்டுக்காரி நாயை இழுத்துக்கொண்டு வருவாள். "நீ வீட்லதானே இருக்கே, ஒரு மணி நேரம் பாத்துக்கோயேன்" என்பாள். அந்த ஒரு மணி நேரம் மத்தியானம் வரைக்கும் நீளும். நாயும் லேசுப்பட்ட நாய் இல்லை, கதவடியில் உட்கார்ந்து எழுத்தாளரையே முறைத்துப் பார்க்கும்.

அவள் எழுதும் இடம் துணி துவைக்கும் அறை. ஐஸ்லாந்தின் வடக்குக் கரையில் குளிர்காலத்தில் கதகதப்பான இடம் எதுவோ அதுதான் நல்ல இடம். மீன் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கும் அவள் கணவன் கெஸ்டூர், துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையை அடித்துக் கொடுத்திருந்தான். இயந்திரம் சுற்றும்போது பலகை ஆடும், டாக்னியின் வாக்கியமும் சேர்ந்து ஆடும். ஆனாலும் ஒரு வாக்கியம் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை அடக்க முடியாமல் எழுந்து காய்ந்த துண்டுகளை எல்லாம் அழகாக மடித்து அடுக்குவாள். கெஸ்டூர் சாயங்காலம் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பான். துண்டுகள் நேர்த்தியாக இருந்தால் அன்றைக்கு எழுத்து நன்றாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம், கேட்கவே வேண்டாம்.

எழுத உட்காருவதற்கு முன்னால் தினமும் நீச்சல் குளத்துக்குப் போய் வெந்நீர்த் தொட்டியில் இறங்குவாள். எங்கள் ஊரில் நியாயம், வம்பு, அரசியல், வைத்தியம் எல்லாம் நடப்பது அந்தத் தொட்டியில்தான். தலையில் பனி விழும், கழுத்துக்குக் கீழே சுடச்சுட இருக்கும். தொட்டிக்குள் இறங்கிவிட்டால் மேயரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவோம், மெக்கானிக்கையும் 'நீ' என்றுதான்.

தொட்டியின் கிழக்கு மூலை ஒட்டூருடையது. மீன்பிடிக் கப்பலின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, சிவந்த முகம், காது கொஞ்சம் மந்தம். டாக்னி காலை வைத்ததுமே அவர் கேட்கும் கேள்வி பல வருஷமாக ஒன்றுதான்.

"என்ன டாக்னி, வேலைக்கு ஏதாச்சும் போறியா, இல்ல இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்கியா?"

"எழுதிக்கிட்டுதான் இருக்கேன், ஒட்டூர்."

"போகட்டும், போகட்டும். உடம்பு சரியாயிருந்தா சரி."

தொட்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். டாக்னியும் சிரிப்பாள். "ஒரு தடவை என் புஸ்தகத்தைப் படிச்சுத்தான் பாரேன்" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உயிரோட இருக்கறவங்க எழுதினதை நான் படிக்கறதில்ல" என்றார் ஒட்டூர். "நீ செத்தப்புறம் வா, பாக்கலாம்."

இந்தப் பேச்செல்லாம் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வருஷம் அது கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. காரணம் இருந்தது. எழுத்தாளர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை அந்த வருஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். புதிய நாவலை வசந்த காலத்தில் முடித்துக் கொடுத்ததிலிருந்து அவளுக்குள் அடுத்தது என்று எதுவுமே இல்லை. கோடை முழுக்க, இலையுதிர் காலம் முழுக்க, துணி துவைக்கும் அறையில் போய் உட்கார்ந்தாள், வெறுங்கையோடு எழுந்து வந்தாள். துண்டுகள் கசங்கியே கிடந்தன. கெஸ்டூர் அலமாரியைத் திறப்பான், மூடுவான்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை லோவிசா அவளைக் கூப்பிட்டாள். டாக்னி மத்தியானங்களில் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள். டேனிஷ் மொழி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, முழுநேர வேலைக்கு வருகிறாயா என்று லோவிசா கேட்டாள். முழுநேரம் என்றால் காலையும் சேர்த்துத்தான். தொட்டி போகும், பலகை போகும், எழுத்து போகும்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் சொல்றேனே" என்றாள் டாக்னி.

"இருபத்தெட்டாம் தேதிக்குள்ள சொல்லிடு. நீ இல்லேன்னா வேற ஆளைப் பிடிக்கணும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் கெஸ்டூரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ என்ன நினைக்கறே?" என்றாள்.

"நான் நினைக்கறது இருக்கட்டும். நீ என்ன நினைக்கறே?"

"இருபத்தேழாம் தேதி பாக்கறேன். போன தடவை மாதிரியே குவிஞ்சு கிடந்தா, வேலைக்குப் போயிடறேன். அவ்வளவுதான்."

கெஸ்டூர் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "இது ஒரு கணக்கா?" என்றான். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முள்ளைத் தேட ஆரம்பித்தான்.

இருபத்தேழாம் தேதி என்ன என்பது எங்கள் நாட்டில் எழுதிப் பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இங்கே வருஷத்துக்கான புத்தகம் எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரே மூச்சில் வெளிவரும். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஆளுக்கு ஆள் புத்தகம் பரிசு கொடுத்து, சாக்லேட்டும் கையுமாகப் படுக்கைக்குப் போய்ப் படிப்போம். புத்தகத்தின் பின்னட்டையில் சின்னதாக ஒரு மாற்றுச் சீட்டு ஒட்டியிருக்கும். பிடிக்காதவர்கள் கடை திறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். கடை திறக்கும் நாள்தான் இருபத்தேழு. அன்றைக்கு எந்த எழுத்தாளரும் புத்தகக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

போன புத்தகம் வந்த வருஷம் டாக்னிக்கு இது உறைக்கவில்லை. அன்றைக்குப் போய்த் தொலைத்தாள், பேனா வாங்க. கடைக்காரி ஹெர்டிஸ் நல்லவள். டாக்னியைப் பார்த்ததும் தன் தோளில் இருந்த கம்பளிச் சால்வையை எடுத்து மேசையோரம் இருந்த குவியல் மேல் போட்டு மூடினாள். சால்வைக்கு நீளம் பத்தவில்லை. கீழே தன் பெயர் வரிசையாகத் தெரிந்ததை டாக்னி பார்த்தாள். பேனா வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

புதிய நாவலின் பெயர் 'மாலைக் கப்பல்'. ஒரு நடுவயதுப் பெண், தொட்டதற்கெல்லாம் குற்றம் சொல்லும் அண்ணனின் வீட்டை விட்டு, ஃபாரோ தீவுக்காரக் கப்பல் சமையல்காரன் ஒருவனோடு போகத் தீர்மானிக்கிறாள். பெட்டியைக் கட்டித் துறைமுகத்தில் கொண்டுபோய் வைக்கிறாள். கடைசி நேரத்தில் பூனை ஞாபகம் வருகிறது. அண்ணன் அதற்குச் சோறு போட மாட்டான். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் பூனையை எடுக்க ஓடுகிறாள். கப்பல் ஊதுகிறது. கதை முடிகிறது. அவள் திரும்பி வந்து கப்பல் ஏறினாளா என்று புத்தகத்தில் இல்லை. தலைநகரில் இருக்கும் பதிப்பாசிரியர் இதற்காகத் தொலைபேசியில் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தார். டாக்னி அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கே தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது?

டிசம்பரில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்ட வேண்டும், அது இந்தத் தொழிலின் தலையெழுத்து. மீன் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தாள். பாதிப் பேர் போலந்துக்காரர்கள். அவளுடைய மொழி அவர்களுக்கு அரைகுறையாகத்தான் புரியும், என்றாலும் கரண்டிச் சத்தம் கேட்காமல் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். காதல் காட்சி வரும் நேரம் பார்த்துக் குளிர்சாதன இயந்திரம் உறுமத் தொடங்கியது. கெஸ்டூர் ஓடிப்போய் எதையோ பிடுங்கி அதை நிறுத்தினான். மேலாளர் அவனை முறைத்தார். கூட்டம் கைதட்டியது, கதைக்கா கெஸ்டூருக்கா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் நீச்சல் குளத்தில் வாசிப்பு. கேட்பவர்கள் கழுத்துவரை வெந்நீரில் சுகமாக இருந்தார்கள். வாசிப்பவள் மேலே தொப்பியும் கோட்டுமாகப் பனியில் நின்று, எழுத்தின் மேல் விழும் ஈரத்தைக் கையுறையால் துடைத்துத் துடைத்து வாசித்தாள். கிழக்கு மூலையில் இருந்த ஒட்டூர், அவள் முதல் வரியைத் தொடங்கியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையோடு தண்ணீருக்குள் போனார். மூச்சு வாங்க மேலே வந்தார், மறுபடியும் போனார். அவள் வாசித்து முடிக்கும் வரைக்கும் இதே வேலை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்னியும் சிரித்தாள், ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகை வந்தது.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகவே போனது. புகை போட்ட ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, இனிப்புப் பட்டாணி, மரத்தில் விளக்கு. கெஸ்டூர் அவளுக்கு ஒரு கனத்த வரலாற்றுப் புத்தகம் கொடுத்தான். அவனுக்கு அவள் பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் கொடுத்தாள். அதே புத்தகத்தை அவனுடைய தங்கையும் கொடுத்திருந்தாள். ஊர் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் படுக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதில் எத்தனை விளக்குக்கடியில் தன் பெயர் இருக்கிறது, எத்தனை பேர் இரண்டு பக்கம் தாண்டாமல் கொட்டாவி விடுகிறார்கள் என்று நினைத்து நினைத்து, டாக்னி தன் புத்தகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

இருபத்தேழாம் தேதி காலை அவள் பறவைப் புத்தகத்தின் இரண்டாவது பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மாத்திட்டு வரேன்" என்றாள்.

"நானே போறேனே."

"நானே போறேன்."

கெஸ்டூர் அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டான். அவ்வளவுதான் அவனால் செய்ய முடிந்தது.

கடையில் அவள் நுழைந்தபோது ஹெர்டிஸ் உள்ளறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மேசையோரத்தில் குவியல் இருந்தது. 'மாலைக் கப்பல்' ஆழ்கடல் நீலத்தில் அட்டை போட்ட புத்தகம், தூரத்திலிருந்தே தெரியும். குவியல் முழுக்க ஒரே நீலம். கடை திறந்து இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் மேசை உயரம் வந்துவிட்டது. போன தடவையைவிடப் பெரிது. இதை மூட வேண்டுமானால் ஹெர்டிஸுக்குக் கப்பல் பாய் வேண்டும்.

வாசலில் மணி அடித்தது. யாரோ பேசிக்கொண்டே வருகிறார்கள். டாக்னிக்கு வெளியே போகவும் வழியில்லை, நிற்கவும் முகமில்லை. துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் படத்துண்டு விளையாட்டுப் பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டாள். ஐம்பது வயது தாண்டிய பெண், ஏழு புத்தகம் எழுதியவள், பொம்மைப் பெட்டிகளுக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வந்தது ஊர்ப் பல் மருத்துவர். குரலிலேயே தெரிந்தது.

"இதை வச்சுக்கிட்டு ஒரு துப்பறியும் கதை குடு, ஹெர்டிஸ்."

"படிச்சியா?"

"முதல் பக்கம் படிச்சேன். மழை பெய்யுது. ஜன்னலுக்கு வெளியவும் அதேதான் பெய்யுது, அதுக்கு எதுக்குப் புஸ்தகம்?"

நீலப் புத்தகம் ஒன்று குவியல் மேல் விழும் சத்தம் கேட்டது. டாக்னிக்குக் கோபம் வரவேண்டிய இடம், ஆனால் சிரிப்புதான் வந்தது. அந்த மழையைப் பற்றிப் பதிப்பாசிரியரும் இதையேதான் சொன்னார்.

வரிசை நீண்டுகொண்டே போனது. சத்தம் மட்டும் கேட்டது: தொப், தொப். ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டேனிஷ் வினைச்சொற்களை மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தாள். எல்லாம் ஞாபகம் இருந்தது. நல்லதுதான், இனிமேல் தேவைப்படும்.

அப்போதுதான் முடிதிருத்தும் கடை ஸ்வாவாவின் குரல் உயர்ந்தது. ஸ்வாவாவுக்கு மெதுவாகப் பேச வராது, முடி உலர்த்தும் இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை.

"இந்தா ஹெர்டிஸ், மூணு. எங்க வீட்டுல ஆளாளுக்கு இதையே குடுத்திருக்காங்க. அம்மா எனக்கு, நான் அம்மாவுக்கு, என் வீட்டுக்காரன் எனக்கும் அம்மாவுக்கும். ஒண்ணு போதும். அம்மா தன்னோடதைக் கீழ வைக்கவே மாட்டேங்கறா, நானும் பாத்ரூம்லகூட உக்காந்து படிச்சேன்."

"எங்க வீட்டுல ரெண்டு" என்றது இன்னொரு குரல். "என் அண்ணன் வீட்டுலயும் ரெண்டாம்."

"ஊர்க்காரி எழுதினதாச்சே, எல்லாரும் அதையே வாங்கியிருக்கீங்க" என்றாள் ஹெர்டிஸ் சலிப்போடு. "ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டீங்களா? இப்ப இதையெல்லாம் நான் எங்க கொண்டு வைப்பேன்?"

டாக்னி கண்ணைத் திறந்தாள்.

"ஆனா அந்த முடிவு இருக்கே" என்றாள் ஸ்வாவா. "டாக்னி மட்டும் இப்ப கையில கிடைச்சா..."

"நல்ல முடிவுதானே? அவ வரமாட்டா. பூ..." என்று தொடங்கியது வரிசையில் இன்னொரு குரல்.

"யாரும் முடிவைச் சொல்லாதீங்க!"

கடை கிடுகிடுத்தது. கடலில் காற்றுக்கு மேல் கத்திப் பழகிய குரல். டாக்னி இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வாசலில் ஒட்டூர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வரிசையை அவர் கண்டுகொள்ளவில்லை, நேராக மேசைக்குப் போனார். பையிலிருந்து எதையோ எடுத்து வைத்தார். அது ஒரு காலத்தில் புத்தகமாக இருந்திருக்க வேண்டும். ஊதி, உப்பி, அடுக்குப் பணியாரம் போல விரிந்து, நீலச் சாயம் ஒழுகிக் கிடந்தது.

"இதை மாத்திக் குடு" என்றார்.

ஹெர்டிஸ் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஒட்டூர், என்னது இது?"

"என் மருமக அனுப்பியிருந்தா. அவளுக்கு என் பழக்கம் தெரியாது. சரி, அவ்வளவு தூரத்துலேர்ந்து அனுப்பியிருக்காளேன்னு குளிக்கற தொட்டியில படுத்துக்கிட்டு லேசாப் பொரட்டினேன். அந்தப் பொம்பளை பெட்டியைத் துறைமுகத்துல கொண்டு வைக்கற இடத்துல கை நழுவிடுச்சு."

"தண்ணியில விழுந்ததை எப்படி மாத்தறது? மாத்துச் சீட்டே கரைஞ்சுபோச்சு. சரி, பதிலுக்கு என்ன வேணும்? அந்தப் பழைய கப்பல்கள் புஸ்தகம் வந்திருக்கு, பாக்கறியா?"

"கப்பலை எனக்கு நீ காட்டறியா? இதையேதான் வேணும்."

"இதையேவா?"

"இதேதான்! காஞ்சது!" ஒட்டூர் மேசையைத் தட்டினார். "கடைசிப் பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. நேத்து பூரா அடுப்புகிட்ட வச்சுக் காயவச்சுப் பாத்தேன், கத்தியால பிரிச்சுப் பாத்தேன், கிழியுதே ஒழிய வரமாட்டேங்குது. ரெண்டு நாளா பெட்டியோட துறைமுகத்துல நின்னுக்கிட்டிருக்கா. நான் எப்படித் தூங்கறது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்வாவா தான் திருப்பிக் கொடுத்த மூன்றில் ஒன்றைக் குவியலிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். "எடுத்துட்டுப் போ. காசெல்லாம் வேண்டாம். ஆனா குளிக்கும்போது படிக்காதே."

"நான் இதைப் படிச்சேன்னு தொட்டியில யாரும் வாயைத் திறக்கக்கூடாது" என்றார் ஒட்டூர். வரிசையில் ஒவ்வொருவரையும் ஒரு முறை பார்த்தார். புத்தகத்தைக் கோட்டுக்குள் மறைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டு போனார்.

பெட்டிகளுக்குப் பின்னால் டாக்னி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. அவள் எழுதிய பெண் ஒருத்தி, எங்குமே இல்லாதவள், துணி துவைக்கும் அறையில் உண்டாக்கப்பட்டவள், ஒரு முரட்டுக் கிழவரை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறாள். இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? எழுந்து ஓடி அந்தச் சிவந்த கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"இங்க என்ன பண்றே?"

லோவிசா. திருப்பிக் கொடுத்த புத்தகத்துக்கு ஈடாகப் படத்துண்டு விளையாட்டு ஒன்று எடுக்க வந்திருக்கிறாள்.

"பெட்டி பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் டாக்னி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"முட்டி போட்டா?" லோவிசா குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுல ரெண்டு வந்துச்சு, ஒண்ணைக் குடுத்துட்டேன். கோச்சுக்காதே. ஆமா, அந்தப் பூனையை விட்டுட்டுப் போயிருக்கணும் அவ. நான் அப்படித்தான் செஞ்சிருப்பேன். சரி, நாளைக்குப் பதில் சொல்லணும், ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"முகத்தைப் பாத்தா வரமாட்டே போல."

டாக்னிக்கு மாட்டேன் என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் எதை நம்பிச் சொல்வது? படித்தார்கள், சந்தோஷம். அந்தப் புத்தகம் முடிந்துபோனது. அடுத்தது? பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சுற்றும் துணியை வேடிக்கை பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் ஓட்டுவது? உள்ளே ஒன்றுமில்லாமல் எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு திரிய அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்குப் போனதும் கெஸ்டூர் அவள் முகத்தைப் பார்த்து, என்ன முடிவுக்கு வருவது என்று தெரியாமல் விழித்தான். அழுதிருக்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள்.

"குவிஞ்சிருந்துச்சா?"

"மலையாட்டம்."

"அப்ப?"

ஒட்டூர் கதையைச் சொன்னாள். கெஸ்டூர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். பறவைப் புத்தகத்தை மாற்றாமலே அவள் திரும்பக் கொண்டுவந்துவிட்டதை இருவருமே அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல நீச்சல் குளத்துக்குப் போனாள். கடைசித் தடவையாக இருந்தாலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குளிர்காலத்தில் பதினொரு மணிக்குத்தான் விடியும், அதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. பனி மெல்லியதாக விழுந்துகொண்டிருந்தது. தொட்டியில் ஒட்டூர் மட்டும்தான், கிழக்கு மூலையில். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் இறங்கியதும் வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"ரொம்பக் குளிர்" என்றார்.

"ஆமா."

"கிறிஸ்துமஸ் நல்லாப் போச்சா?"

"நல்லாப் போச்சு. உனக்கு?"

"எனக்கென்ன." தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். நீராவிக்குள் எங்கேயோ பார்த்தபடி தொண்டையைச் செருமினார். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளை இருந்தா. ரொம்ப நாளைக்கு முன்னால. இந்த ஊர் இல்ல. ஊரை விட்டுப் போறதுக்காகத் துறைமுகத்துக்கு வந்துட்டா. அப்புறம் எதையோ மறந்துட்டேன்னு வீட்டுக்குத் திரும்பி ஓடினா."

"எதை?"

"ஏதோ... ஒரு வளப்புப் பிராணி. நாயோ, பூனையோ. அது முக்கியமில்ல." அவர் காது சிவந்தது. "நான் கப்பல் ஓட்டினவன். ஊதியாச்சுன்னா எந்தக் கேப்டனும் காத்துக்கிட்டிருக்க மாட்டான். ஆனா ஒரு பெட்டி தனியாத் துறைமுகத்துல நிக்கறதைப் பாத்தா, கொஞ்சம் நிதானிப்பான். நான் நிதானிச்சிருக்கேன், ஒரு தடவை. அதனால கேக்கறேன். அவ திரும்பி வந்திருப்பாளா?"

டாக்னியின் கண் முன்னால் ஒரு காட்சி எழுந்தது. ஒரு கப்பல் தலைவர் மேல்தளத்தில் நிற்கிறார். கீழே துறைமுகத்தில் ஒரு பெட்டி. கயிற்றை அவிழ்க்க ஆள் காத்திருக்கிறான். அவர் கையை இன்னும் உயர்த்தவில்லை. இந்த ஆள் எங்கிருந்து வந்தார்? அவள் நாவலில் கப்பலுக்குத் தலைவர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. கப்பல் தானாக ஊதியது, தானாகப் போயிற்று. மேலே நின்றவரை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. வசந்த காலத்திலிருந்து காலியாகக் கிடந்த இடத்தில் அந்த மனிதர் வந்து நின்றுகொண்டார், கோட்டும் தொப்பியுமாக, குளிரில் மூக்கைத் துடைத்தபடி.

"தெரியல, ஒட்டூர்" என்றாள். "நிஜமாவே எனக்குத் தெரியல."

ஒட்டூர் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை அவள் பார்த்ததில்லை.

"தெரியலையா? தெரியலைன்னா இங்க உக்காந்து என்ன ஊறிக்கிட்டிருக்கே? எழுந்து போய் உன் வேலையைப் பாரு!"

டாக்னி எழுந்தாள். துண்டைத் தொட்டியோரத்திலேயே மறந்துவிட்டு, பனியில் வெறுங்காலோடு உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பையைத் துழாவித் தொலைபேசியை எடுத்து லோவிசாவைக் கூப்பிட்டாள்.

"நான் வர முடியாது, லோவிசா" என்றாள். "எனக்கு வேலை இருக்கு."